லீவுக்கு ஊருக்கா, டூருக்கா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும். அல்சூர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில்கூட இரண்டு கேள்விதான் காதில் விழும். "பசங்களுக்குப் பரீட்சை எப்போ முடியுது?" அடுத்தது, "லீவுக்கு எங்க, ஊருக்கா?" முதல் கேள்விக்குப் பதில் ஸ்கூல் காலண்டரில் இருக்கிறது. இரண்டாவதுக்குத்தான் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்தில் என் பங்குக்கு ஒரு தீர்ப்பு எழுதலாமே என்றுதான் இந்தப் பதிவு. பிடிக்கவில்லை என்றால் அப்பீலுக்குப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு :-)

பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களை லீவு விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது ஊர்க் கட்சி. வருஷத்தில் கிடைக்கிற லீவு முழுவதும் ஊருக்கே. அப்பா அம்மாவைப் பார்க்கணும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கணும், சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம், பங்காளி வீட்டில் காதுகுத்து, நடுவில் பட்டா மாற்ற வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நாலு நடை. பத்து நாள் லீவில் போனவர் பதினோராம் நாள் ஆபீசுக்கு வரும்போது, போனதைவிடக் களைத்துப்போய் வருவார்.

இரண்டாவது டூர்க் கட்சி. இவர்களுக்கு ஊர் என்றால் ஒரு போன் கால், ஒரு கூகுள் பே. லீவு வந்தால் பேக்கேஜ்தான். ஐந்து பகல், நாலு ராத்திரி, ஏழு இடம். காலையில் ஆறு மணிக்கு வண்டி ஏறணும், வண்டியிலேயே தூங்கணும், இறங்கி போட்டோ எடுக்கணும், மறுபடி ஏறணும். திரும்பி வந்த பிறகு போட்டோவைப் பார்த்து "இது எந்த இடம்?" என்று வீட்டுக்குள்ளேயே வினாடி வினா நடக்கும். டூர் முடிந்த பிறகும் பதினெட்டு மாசத்துக்கு ஈஎம்ஐ ஓடும்.

இரண்டு கட்சியிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. ஊர் வேறு, டூர் வேறு என்று நினைக்கிறார்கள். ஊர் என்பது கடமை, டூர் என்பது சந்தோஷம். கடமைக்குக் காசு கணக்கு கிடையாது, சந்தோஷத்துக்குக் கடன் வாங்கலாம். இந்த நினைப்பில்தான் நம் லீவும் கெட்டுப்போகிறது, காசும் கெட்டுப்போகிறது என்பது என் கட்சி. ஊரும் டூரும் ஒரே பயணமாக இருக்கட்டும். டூர் முன்னால், ஊர் பின்னால். காசு கையிருப்பிலிருந்து. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போவோம். இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. இனி காரணங்கள்.

பேங்க் ஃபாரத்தில் இருக்கும் இரண்டு கட்டம்

எங்களைப் போன்ற பொதுத்துறை வங்கி ஆபீசர்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒன்று உண்டு. நாலு வருஷம் ஒரு பிளாக். அதை இரண்டு இரண்டு வருஷமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தடவை சொந்த ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் ஒரு தடவை சொந்த ஊர், இன்னொரு தடவை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும். பிரைவேட் கம்பெனிக்காரர்களுக்கு எல்.டி.ஏ. என்ற பெயரில் இதன் தம்பி ஒருவர் சம்பளச் சீட்டில் உட்கார்ந்திருப்பார். ஃபாரத்திலேயே "சொந்த ஊர்", "இந்தியாவில் எங்கும்" என்று இரண்டு கட்டம். நம் தலைக்குள்ளும் அதே இரண்டு கட்டம்தான்.

இந்தச் சலுகையை வைத்து டூர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் இதற்கு வரிவிலக்கு என்பது பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஓட்டல் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. அதுவும் நாலு காலண்டர் வருஷ பிளாக்கில் இரண்டு பயணம். 2022 முதல் 2025 வரை ஒரு பிளாக், 2026 முதல் 2029 வரை அடுத்தது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்த விலக்கே இல்லை. "எல்.டி.ஏ. இருக்கே, டூர் ஃப்ரீதான்" என்று நினைப்பவர்கள் ஒருமுறை சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு சுவாரசியமான வழக்கும் உண்டு. ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் சிலர் உள்நாட்டு ஊருக்குப் போவதாகச் சொல்லி வெளிநாட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தீர்ப்பில் உதாரணமாகக் காட்டப்பட்ட ஒரு வழி: டெல்லியில் கிளம்பி மதுரை, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, அப்புறம் டெல்லி! மதுரைக்குப் போன மாதிரியும் ஆச்சு, சிங்கப்பூர் பார்த்த மாதிரியும் ஆச்சு. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இது செல்லாது என்று சொல்லிவிட்டது. சலுகை இந்தியாவுக்குள் போகிற பயணத்துக்குத்தான், அதுவும் குறுகிய வழிக்குத்தான். இந்தத் தீர்ப்பைப் படித்தபோது அந்தச் சிங்கப்பூர் ஆசையை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ஊர்க் கணக்கில் டூரைச் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசைதானே அது? ஆசை சரி, வழிதான் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

கொரோனா நேரத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2020 அக்டோபரில் மத்திய அரசு, பயணம் போக முடியாத ஊழியர்கள் அந்த எல்.டி.சி. பணத்துக்கு 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருளை வாங்கிக் கணக்குக் காட்டலாம் என்றது. பல வீடுகளில் கன்னியாகுமரி போக வேண்டிய காசு சுவரில் டிவியாக மாட்டப்பட்டது. அந்த டிவியில் இப்போது கன்னியாகுமரியைப் பார்க்கிறார்கள்.

டூர் ஏன் முன்னால்?

"ஊருக்குப் போய்விட்டு, திரும்பும்போது ரெண்டு நாள் எங்காவது தங்கிட்டு வரலாம்." இந்த வாக்கியத்தைச் சொல்லாத பெங்களூர்த் தமிழ்க் கணவர் கிடையாது. இது நிறைவேறிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊரில் கால் வைத்த பிறகு லீவு நம் கையில் இல்லை. "வந்தது வந்தீங்க, வெள்ளிக்கிழமை கொடை, இருந்துட்டுப் போங்க" என்று பெரியப்பா சொன்னால் மறுக்க முடியுமா? அந்த இரண்டு நாள் அங்கேயே கரைந்துவிடும்.

அதனால் டூரை முதலில் வையுங்கள். மூன்று ராத்திரி நம் குடும்பம் மட்டும். அதன் பிறகு ஊர். மூன்று நாள் ஓய்வெடுத்த மனுஷன் ஊருக்குப் போனால் முகமே வேறு மாதிரி இருக்கும். பெரியப்பா பேசுகிறதைக்கூடப் பொறுமையாகக் கேட்பான்.

எங்க வீட்டுத் தங்கமணி ஒரு கேள்வி கேட்டாங்க. "இங்கே இருந்தா நாலு பேருக்குச் சமையல், ஊருக்குப் போனா பதினாலு பேருக்குச் சமையல். இதுல லீவு யாருக்குங்க?" என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுக்காரர்களிடமும் இருக்காது. நம் ஊர்ப் பக்கம் மருமகள் வந்த அன்றைக்கே அடுப்படிக்குள் போய்விட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் அடுப்பைத் தொடாத மூன்று நாளை முன்கூட்டியே அவர்களுக்குக் கொடுத்துவிட முடியும். ஒரு லீவு நினைவில் நிற்க வேண்டுமென்றால் வீட்டில் எல்லோருக்கும் அது லீவாக இருந்திருக்க வேண்டும். ஒருத்தர் உழைத்து மூன்று பேர் ஜாலியாக இருந்தால், அது மூன்று பேருக்குத்தான் நினைவில் நிற்கும்.

அப்பா அம்மாவையும் முடிந்தால் அந்த மூன்று நாளுக்கு வரச் சொல்லலாம். அவர்கள் ஊரிலிருந்து கிளம்பி நாம் தங்கும் இடத்துக்கு வரட்டும், பிறகு சேர்ந்தே ஊருக்குப் போகலாம். ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஆண்கள் 60, பெண்கள் 45 வயது கடந்திருந்தால், தனியாகவோ இருவராகவோ டிக்கெட் போடும்போது கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அவர்கள் டிக்கெட்டை நம் டிக்கெட்டோடு சேர்க்காமல் தனியாகப் போடுவது நல்லது.

கடனா, கையிருப்பா?

இது என் தொழில், அதனால் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். கல்யாணத்துக்குக் கடன் வாங்குங்கள், படிப்புக்கு வாங்குங்கள், வீட்டுக்கு வாங்குங்கள். லீவுக்கு வாங்காதீர்கள்.

60,000 ரூபாய் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,881 ரூபாய். மொத்தம் கட்டுவது 69,138 ரூபாய். கிட்டத்தட்ட 9,100 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு ஒரு குடும்பம் ஏ.சி. மூன்றடுக்கில் ஊருக்குப் போய்விட்டே வந்துவிடலாம். காசைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கடனில் போன லீவு சந்தோஷமான நினைவாக இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி போனில் வருகிற மெசேஜாகத்தான் நினைவுக்கு வரும்.

அதையே திருப்பிப் போடுங்கள். மாதம் 4,000 ரூபாய் ஆர்.டி., 12 மாதம், 6.5 சதவீதம் என்றால் கட்டிய 48,000 ரூபாயோடு வட்டியாக 1,700 ரூபாய் வரை சேரும். வட்டி பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு வருஷம் முழுக்க "டூருக்குச் சேர்க்கிறோம்" என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பீட்சா கேட்கும்போது "டூர்க் கணக்கிலிருந்து எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர்களே வேண்டாம் என்பார்கள். லீவின் பாதி சந்தோஷம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

நூல் என்றால் என்ன?

பட்டியல் போட்டு இடம் பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன். ஏழு இடம் பார்த்தால் ஏழும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனால் மூன்றே இடம் போதும், பத்து வருஷத்துக்கு நினைவிருக்கும்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துக்கு என்னைக் கேட்டால் காவிரியைவிட நல்ல நூல் கிடையாது. அல்சூரில் நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தொரேகாடனஹள்ளியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிற காவிரி. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டத்தில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரவேண்டும். அதே காவிரிக்காகத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒவ்வொரு ஜூன் 12ஆம் தேதியும் மேட்டூர் திறக்குமா என்று விவசாயி வானத்தைப் பார்க்கிறார். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த ஆற்றின் பேரால் இந்த நகரம் என்ன பாடு பட்டது என்பது இங்கே இருக்கிற நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் காவிரி என்ற பேரை டிவி சண்டையில்தான் கேட்டிருக்கிறார்கள். ஆற்றைப் பார்த்ததில்லை. குழாயில் குடிக்கிற தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது, எங்கே கடலில் சேருகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் இரண்டு பக்கத்து நியாயத்தையும் அவர்களே யோசிப்பார்கள். கன்னட நண்பர்களோடு வளர்கிற பிள்ளைகளுக்கு இது அவசியம் என்று நினைக்கிறேன்.

திட்டம் இதுதான். மாலையில் பெங்களூரில் மைசூர் வண்டியைப் பிடித்தால் விடிகாலையில் தஞ்சாவூரைத் தாண்டிக் கும்பகோணம். அங்கே மூன்று ராத்திரி, ஒரே ஓட்டல். பெட்டியை ஒரு தடவைதான் பிரிக்க வேண்டும், ஒரு தடவைதான் கட்ட வேண்டும்.

முதல் நாள் ரயில் களைப்பு. நன்றாகத் தூங்கி எழுந்து, டிகிரி காபி குடித்துவிட்டு, சாயங்காலம் பக்கத்தில் இருக்கிற சுவாமிமலை. முருகனைப் பார்த்துவிட்டு, வெண்கலச் சிலை வார்க்கிற பட்டறைகளில் ஒன்றை எட்டிப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆற்று மண் சாமியாகிற இடம். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

இரண்டாம் நாள் மட்டும் ஒரு கார். காலையில் தஞ்சைப் பெரிய கோயில், மாலையில் கல்லணை. பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம் போய்விடுங்கள். 1010ல் முடிந்த கோயில், 1987ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் பலகையிலேயே இருக்கும். நான் பார்க்கச் சொல்வது சுவரை. அதில் இருப்பது பெரும்பாலும் கணக்கு! பி.காம். படித்தவனுக்கு அதைவிடச் சந்தோஷம் உண்டா? கோயில் காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. அதாவது 12.5 சதவீதம். நம் ஆர்.டி.யைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கோயிலில் ஆடிய 400 பெண்களின் பேரும், யாருக்கு எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அட்ரஸ் புக். இதைச் சொல்லிக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் கோயில் போர் அடிக்காது. கல்லணை போனால் ஆறு எப்படிப் பிரிக்கப்பட்டு வயலுக்குப் போகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். ஆறு கடலில் சேருகிற இடம். அங்கே வந்து பார்த்தால் காவிரி ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். வழியெல்லாம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. விளக்கம் சொல்லாமல் பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.

"அவ்வளவு தூரம் போய் கங்கைகொண்ட சோழபுரம் பார்க்காமலா? நவக்கிரகக் கோயில்கள்?" என்று கேட்பீர்கள். விட்டுவிடுங்கள். அருமையான கோயில்தான், 2004ல் தாராசுரத்தோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதுதான். ஆனால் நம் நூலில் அது இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டால்தான் அடுத்த தடவை என்று ஒன்று இருக்கும்.

எப்போது போவது? ஏப்ரல், மே மாதத்தில் போகாதீர்கள். ஆற்றில் மணல்தான் ஓடும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். அதே மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும். 2024 மே 7 முதல் ஹைகோர்ட் உத்தரவின்படி அந்த மலைகளுக்கு இ-பாஸ் முறை வந்ததே கூட்டம் தாங்காமல்தான். நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கர்நாடகப் பள்ளிகளில் தசரா லீவு தமிழ்நாட்டுக் காலாண்டு லீவைவிட நீளம். மேட்டூர் திறந்த வருஷத்தில் அந்த நேரம் ஆற்றில் தண்ணீர் இருக்கும், வடகிழக்குப் பருவமழையும் இன்னும் பிடித்திருக்காது.

கணக்கு

சும்மா பேசினால் போதாது, தொகை சொல்ல வேண்டும். எங்கள் நாலு பேருக்கு நான் போட்டது இது. ஊர் கோவில்பட்டிப் பக்கம்.

1. ரயில், மூன்று பாகம் (பெங்களூர் - கும்பகோணம், அங்கிருந்து திருச்சி வழியாகக் கோவில்பட்டி, கோவில்பட்டி - பெங்களூர்): 9,000
2. தங்கல், மூன்று ராத்திரி: 7,500
3. சாப்பாடு, நாலு நாள்: 6,000
4. ஒரு நாள் கார், மற்ற நாள் பஸ், ஆட்டோ: 5,000
5. ஊர்ச் செலவு: 12,000
6. அவசரத்துக்கு: 4,500

மொத்தம் 44,000 ரூபாய். உங்கள் வசதிக்கும் ஊருக்கும் தகுந்த மாதிரி கூடும், குறையும். மாதம் 4,000 ஆர்.டி. போட்டால் அடங்கிவிடும்.

ஐந்தாவது வரியைப் பாருங்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. "ஊருக்குப் போனா என்ன செலவு, டிக்கெட் மட்டும்தானே" என்று நாம் வருஷா வருஷம் சொல்லிக்கொள்கிறோம். இங்கிருந்து கொண்டுபோகிற பலகாரப் பெட்டி, அக்கா பிள்ளைகளுக்குத் துணி, மூன்று வீட்டு மொய், குலதெய்வக் கோயிலுக்கு வேன் வாடகை, கிளம்பும்போது பாட்டி கையில் வைக்கிற பணம். இதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். எழுதாத செலவுதான் பட்ஜெட்டை உடைக்கிறது. எழுதிவிட்டால், அதைச் சந்தோஷமாகவும் கொடுக்க முடியும்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. காலண்டரில் குறித்து வையுங்கள். திரும்பி வருகிற டிக்கெட்டை முதலில் போடுங்கள். போகிறபோது எப்படியாவது போய்விடலாம், லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வருவதுதான் யுத்தம். தட்கலை நம்பினால், 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கில்தான் ஆன்லைனில் எடுக்க முடியும். கடைசி நிமிஷத்தில் அதற்காக அலையாதீர்கள். மூன்றாவது, சாப்பாட்டுக் காசை, ஒரு நாளைக்கு 1,500 என்று, பெரிய பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். மிச்சம் பிடித்தால் அது அவர்களுக்கே. மதியம் ஐஸ்கிரீமா, ராத்திரி பரோட்டாவா என்று அவர்களே கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டுமே!

ஊர் இல்லாதவர்களுக்கு

அல்சூரில் இன்னொரு வகைக் குடும்பங்களும் உண்டு. 1809ல் கன்டோன்மென்ட் வந்த காலம் தொட்டுத் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். தாத்தாவின் தாத்தா வட ஆற்காட்டுப் பக்கம் என்று மட்டும் தெரியும். போய் இறங்க ஒரு வீடு கிடையாது. "எங்களுக்கு ஏது ஊர், இதுதான் ஊர்" என்பார்கள். உண்மைதான். அவர்களுக்கு நூல் இங்கேயே தொடங்குகிறது. பக்கத்தில் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலாரில் கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பஸ், கையில் புளியோதரை. நாம் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவர்கள் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய இவ்வளவு செலவு போதும். பெரிய டூருக்கு இதை ஒத்திகையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

"கிளாஸில் எல்லோரும் தாய்லாந்து போறாங்க, நீங்க கும்பகோணம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். தாய்லாந்து தப்பில்லை. காசு சேர்த்துக்கொண்டு போனால் நல்ல ஊர்தான். ஆனால் தாய்லாந்து இருபது வருஷம் கழித்தும் இருக்கும், பிள்ளைகள் சம்பாதித்துத் தாங்களே போவார்கள். தாத்தாவும் பாட்டியும் கூட வர, ஆற்றங்கரையில் உட்கார்ந்து பொரி சாப்பிடுகிற லீவு இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? இந்தக் கணக்கை எந்தக் கால்குலேட்டரிலும் போட முடியாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே மக்களே, தசரா முடிந்து வருகிற மாதமே ஆர்.டி.யைத் தொடங்கிவிடுங்கள். எங்கள் பேங்க்தான் என்று இல்லை, எந்த பேங்கானாலும் சரி!

டிஸ்கி: எல்.எஃப்.சி., எல்.டி.ஏ. விதிகள் ஆபீசுக்கு ஆபீஸ் மாறும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் எச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை வழியாகச் சிங்கப்பூர் போகலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.